குதிரை ரேஸ்: கும்பகோணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முப்பது வருஷம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். குதிரை ரேஸ் பார்க்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போதும் சரி, மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கும்போதும் சரி, விஷயம் தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

டெல்டாவில் இருந்துகொண்டு குதிரை ரேஸா? இங்கே மைதானமே இல்லையே?

இல்லைதான். மைசூர் எக்ஸ்பிரஸ் இருக்கிறதே. சாயங்காலம் கும்பகோணத்தில் ஏறிப் படுத்தால் விடிவதற்குள் பெங்களூரு. ஸ்டேஷனிலிருந்து ரேஸ் கோர்ஸ் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது, நடந்தே போய்விடுவேன். கோடையில் மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு சீசன், குளிர்காலத்தில் இன்னொன்று. வருஷத்துக்கு நாலு தடவை போனால் அதிகம். மற்ற வாரங்களில் வீட்டுத் திண்ணையில்தான் ரேஸ். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிண்டி பக்கமாயிற்றே, அங்கே போகலாமே?

போய்க்கொண்டுதான் இருந்தேன். 1777 முதல் குதிரை ஓடிய இடம் அது. சுமார் 160 ஏக்கர் அரசு நிலம், 1940-களிலிருந்து 99 வருஷக் குத்தகை. வாடகைத் தகராறு பெரிதாகி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. ஊட்டி மைதானமும் அதே வருஷம் அரசின் கைக்குப் போயிற்று. அது சரியா தப்பா என்று என்னிடம் கேட்காதீர்கள். நிலக் குத்தகைச் சண்டையில் வாய் கொடுக்கக் கூடாது என்பது தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஹேண்டிகாப், ஹேண்டிகாப் என்கிறீர்களே, அது என்ன?

எல்லாக் குதிரையும் ஒரே எடையைச் சுமந்து ஓடினால் நல்ல குதிரைதான் ஜெயிக்கும். யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு குதிரைக்கும் அதன் பழைய ஓட்டங்களைப் பார்த்து ஒரு அதிகாரி ரேட்டிங் போடுகிறார். நம் நாட்டில் ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அரை கிலோ. நாலாம் வகுப்பு ரேஸ் என்றால் பெரும்பாலும் 20 முதல் 45 ரேட்டிங் வரை உள்ள குதிரைகள். 45 ரேட்டிங் குதிரை 60 கிலோ சுமந்தால், 25 ரேட்டிங் குதிரைக்கு 50 கிலோதான். இருபது புள்ளி, பத்து கிலோ.

அதிகாரியின் கணக்கு நூற்றுக்கு நூறு சரியாக இருந்தால் அத்தனை குதிரையும் ஒரே நொடியில் கோட்டைத் தொட வேண்டும். ஒருநாளும் தொடுவதில்லை. அவர் கணக்கு எங்கே இடறுகிறது என்று தேடுவதுதான் எங்கள் வேலை. எங்கள் பேச்சில் அதற்கும் ஹேண்டிகாப் போடுவது என்றுதான் பெயர். அவர் எடை போடுகிறார், நாங்கள் அவரை எடை போடுகிறோம்.

ஒரு உதாரணம். போன தடவை 1600 மீட்டரில் முதல் குதிரை இரண்டாவதை இரண்டு லெங்த்தில் ஜெயித்தது. ஒரு லெங்த் என்றால் ஒரு குதிரை நீளம், சுமார் எட்டடி. ஜெயித்ததற்காக அதற்கு 5 புள்ளி ஏற்றிவிட்டார்கள். அதாவது இந்தத் தடவை இரண்டரை கிலோ கூடுதல் சுமை. பழைய ரேஸ்காரர்கள் வாய்க்கணக்கில், மைல் தூரத்தில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு லெங்த். ஆக, போன தடவை தோற்ற குதிரை இந்தத் தடவை காகிதத்தில் அரை லெங்த் முன்னால் நிற்கிறது. ஆனால் கூட்டம் போன தடவை ஜெயித்ததைத்தான் நினைவில் வைத்திருக்கும். பணமும் அதன் மேல்தான் விழும். அந்த இடைவெளியில்தான் எங்கள் பிழைப்பு.

ஐந்நூறு கிலோ குதிரைக்கு அரை கிலோ ஒரு பாரமா, மாமா?

தங்கை மகன் ஒவ்வொரு தீபாவளிக்கும் இதைக் கேட்கிறான். அரை கிலோ தனியாக ஒன்றும் செய்யாது, தம்பி. ஆனால் மூக்கு நுனி வித்தியாசத்தில் ஜெயிக்கும் விளையாட்டில் அரை கிலோ நாலைந்து சேர்ந்தால் பேசும். குறைந்த தூரத்தில் அவ்வளவு பேசாது. 1000 மீட்டரில் ஒரு லெங்த்துக்கு ஒன்றரை கிலோ வேண்டும். தூரம் கூடக்கூடச் சுமை கனக்கும். மூட்டை தூக்குகிறவனைக் கேட்டுப் பார், லாரியிலிருந்து வாசல் வரைக்கும் ஒன்று, கோடவுன் கோடி வரைக்கும் வேறொன்று.

என்னை இந்த விளையாட்டில் கட்டிப்போட்டதே தராசுதான். ஓடுவதற்கு முன், குதிரையை ஓட்டும் ஜாக்கி தன் சேணத்தோடு தராசில் ஏறி உட்கார வேண்டும். எடை குறைந்தால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு சேர்ப்பார்கள். ஓடி முடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்ததும் மறுபடியும் தராசு. குறைந்திருந்தால் ஜெயித்த குதிரையும் ஜெயித்ததாகாது. முப்பது வருஷம் நெல் மூட்டை நிறுப்பதைப் பார்த்தவன் நான். ஒரு சிப்பத்துக்கு அந்த மரியாதை கிடைத்து நான் கண்டதில்லை.

ரேஸுக்கு முதல் நாள் என்ன செய்வீர்கள்?

உண்மையான ரேஸ் நாள் அதுதான். ரேஸ் புத்தகத்தில் ஒவ்வொரு குதிரைக்கும் கடைசி ஓட்டங்கள், தூரம், சுமந்த எடை, எத்தனையாவதாக வந்தது, எத்தனை லெங்த், நேரம் எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு பென்சில், ஒரு பழைய அடிச்சட்டம், மூக்குக்கண்ணாடி. ரயிலில் லோயர் பெர்த் கிடைத்தால் திருச்சி தாண்டும் வரை இதுதான்.

நான் முதலில் செய்வது, வேண்டாத ரேஸ்களைப் பென்சிலால் அடிப்பது. எட்டு ரேஸ் இருந்தால் ஐந்தை அடித்துவிடுவேன். முதல்முறை ஓடும் இளங்குதிரைகளின் ரேஸ் வேண்டாம். ஓட்டக் கணக்கே இல்லாத குதிரைக்கு எதை வைத்துக் கணக்கு? பதினைந்து குதிரை ஓடும் கடைசி வகுப்பு ரேஸ் வேண்டாம். அது திருவிழாக் கூட்டம், யார் யாரை இடிக்கிறார்கள் என்று தெரியாது. மிஞ்சுகிற இரண்டு மூன்றில் உட்கார்ந்து வேலை செய்வேன்.

பார்க்கிற விஷயங்கள் இவை. மேல் வகுப்பில் ஓடித் தோற்று, ரேட்டிங் இறங்கிக் கீழ் வகுப்புக்கு வருகிற குதிரை எது. 1200-இல் கடைசியில் பாய்ந்து வந்தும் தூரம் போதாமல் போய், இப்போது 1400-இல் இறக்கப்படுவது எது. பயிற்சி ஜாக்கி ஏறினால் சில கிலோ சலுகை உண்டு. அந்தச் சலுகைக்கு அவன் அனுபவக் குறைவு ஈடாகுமா. வளைவில் தொடங்கும் தூரத்தில், புறப்படும் கதவுகளில் உள்பக்கக் கதவு கிடைத்திருக்கிறதா, இல்லை வெளியே நின்று சுற்றிக்கொண்டு வர வேண்டுமா. இரண்டு மாதம் ஓடாத குதிரை என்றால் காலைப் பயிற்சியில் என்ன நேரம் எடுத்தது.

அப்புறம் மழை. ஜூன், ஜூலையில் பெங்களூரில் எப்போது வேண்டுமானாலும் கொட்டும். ஒரு கம்பியைத் தரையில் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று அளந்து எண் போடுவார்கள். எண் ஏறினால் தரை நெகிழ்ந்திருக்கிறது. சேற்றில் சில குதிரைக்குக் கால் வரும், சிலதுக்கு வராது. நடவு வயலில் ஒரு மாடு தொளியைக் கிழித்துக்கொண்டு போகும், ஜோடி மாடு ஒவ்வொரு அடியையும் யோசித்து எடுக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. என் வாழ்நாளில் நான் கட்டிச் சரியாக வந்தவற்றில் பாதி, மழை பெய்த மத்தியானங்களில் வந்தவை.

மைதானத்தில் என்ன நடக்கும்?

மத்தியானம் முதல் ரேஸ். ஏறக்குறைய அரை மணிக்கு ஒன்று. ஒவ்வொரு ரேஸுக்கும் முன் குதிரைகளை பேடாக்கில் வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். நான் கம்பி வேலி ஓரம் நின்றுவிடுவேன். ஓடுகிற ஒன்றரை நிமிஷத்தை விட இந்தப் பத்து நிமிஷம்தான் எனக்குப் பிடித்தது.

குதிரையைப் பார்த்தால் என்ன தெரியும்?

நெல்லைக் கடித்துப் பார்த்தால் என்ன தெரியும்? கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று இயந்திரம் வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் ஆலையில் இருந்த பெரியவர் ஒருவர் இரண்டு நெல்லைக் கடைவாயில் வைத்து ‘டக்’கென்று சத்தம் வருகிறதா என்று கேட்டே சொல்லிவிடுவார். அதுபோலத்தான். தோல் எண்ணெய் தடவினாற்போல் மின்ன வேண்டும். விலா லேசாகத் தெரிய வேண்டும். வயிறு தொங்கக் கூடாது. பின்தொடைகளுக்கு நடுவே நுரை தள்ளியிருந்தால் அது பதற்றம்; ஓடுவதற்கு முன்பே பாதி ரேஸை ஓடி முடித்துவிட்டது என்று அர்த்தம். தலையைத் தாழ்த்திப் பின்கால்களை நீட்டி வைத்து, வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நடக்கிற குதிரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் நேர்மையாகச் சொல்கிறேன். இதை வைத்து நான் ஒரு குதிரையைத் தேர்ந்தெடுத்ததில்லை. ராத்திரி தேர்ந்ததை அடித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பெயர் ராசி, நம்பர் ராசி பார்த்துக் கட்டலாமா?

கட்டலாம். கோயில் உண்டியலிலும் போடலாம்.

டோட், புக்கி, என்ன வித்தியாசம்?

டோட் என்பது பொதுப் பானை. 1867-இல் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் என்பவர் கண்டுபிடித்த ஏற்பாடு. எல்லோர் பணமும் பானையில் விழும். வரி, நிர்வாகம் என்று ஒரு பங்கு போக, மீதியை ஜெயித்தவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். பானையில் ஒரு லட்சம், அதில் இருபத்தைந்தாயிரம் கழிவு என்று வைத்துக்கொள்வோம். ஜெயித்த குதிரை மேல் பதினைந்தாயிரம் விழுந்திருந்தால் 10 ரூபாய்க்கு 50 வரும். அதே குதிரை மேல் ஐம்பதாயிரம் விழுந்திருந்தால் 10-க்கு 15 தான். குதிரை ஒன்றே, ஓட்டம் ஒன்றே. உங்களோடு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் விலை.

மைதானத்துக்குள் உரிமம் பெற்ற புக்கி என்றால், கட்டும்போதே விலை பேசிவிடுவார். நாலுக்கு ஒன்று, அதாவது ஒரு ரூபாய் கட்டினால் நாலு ரூபாய் லாபம் என்றால் அதுதான், பிறகு மாறாது. ஆனால் அவர் தர்மத்துக்கு உட்காரவில்லை. ஆறு குதிரை, எல்லாவற்றுக்கும் நாலுக்கு ஒன்று என்று பலகையில் எழுதியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் இருபது சதவீத வாய்ப்பு என்று பொருள். ஆறிருபது நூற்றிருபது. நூற்றுக்கு மேல் இருக்கிற அந்த இருபது, அவர் வீட்டு அரிசி. பலகையைப் பார்த்ததும் நான் முதலில் போடுவது இந்தக் கூட்டல்தான்.

இன்னொன்று. கூட்டத்தின் ஃபேவரிட் குதிரை உலகம் முழுக்கச் சுமார் மூன்றில் ஒரு ரேஸை ஜெயிக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் போட்டதற்குச் சமமாகத்தான் லாபம் தருவார்கள் என்றால், இரண்டில் ஒன்று ஜெயித்தால்தான் போட்ட பணமாவது மிஞ்சும்.

என்னதான் சொன்னாலும் இது சூதாட்டம்தானே, சார்?

1974-இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்ய ஒரு சட்டமே கொண்டுவந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: குதிரைப் பந்தயத்தில் அதிர்ஷ்டத்தை விடத் திறமையே மேலோங்கி நிற்கிறது, ஆகவே அது சூதாட்டம் ஆகாது. இது நீதிமன்றம் சொன்னது. என் நோட்டுப் புத்தகம் சொல்வது கொஞ்சம் வேறு. குதிரையின் பயிற்சியில் திறமை, ஜாக்கியிடம் திறமை, கணக்குப் போடுவதிலும் திறமை இருக்கிறது. வளைவில் முன்னால் போகும் குதிரை சற்றே விலகி உங்கள் குதிரையின் வழியை அடைத்தால், அதற்கு எந்தத் திறமையும் இல்லை.

சரி, இதுவரை எவ்வளவு சம்பாதித்திருக்கிறீர்கள்?

கணக்கு எழுதுகிறவன் பொய் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு வருஷம் லாபம், பதினாறு வருஷம் நஷ்டம். மொத்தத்தில் நஷ்டம்தான். ரயில் டிக்கெட்டையும் டிபனையும் நான் அதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் பார்க்கவே வேண்டாம்.

அந்தப் பதினாறில் ஒரு மத்தியானம் மட்டும் தனியாக நிற்கிறது. நாலு ரேஸ் வரிசையாகப் போயிற்று. கவரில் கொண்டுவந்தது தீர்ந்தது. கடைசி ரேஸ் நான் முதல் நாள் ராத்திரி அடித்துவிட்ட ரேஸ். அதில் போய், எல்லாவற்றையும் ஒரே அடியில் மீட்டுவிடலாம் என்று, சாப்பாட்டுக்கும் வழிச்செலவுக்கும் வைத்திருந்த பணத்தைக் கட்டினேன். குதிரை கழுத்தளவு வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தது. நான் வாங்கியதோ, முதலாவதாக வந்தால் மட்டும் பணம் தரும் வின் டிக்கெட். திரும்பும் டிக்கெட் முன்பே எடுத்திருந்ததால் தப்பித்தேன். கும்பகோணம் வரை ஒரு டீகூடக் குடிக்காமல் வந்தேன். எதிர் பெர்த்தில் திருவாரூர்க்கார அம்மா ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, “நீங்களும் எடுத்துக்கோங்க தம்பி” என்றார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் புளியோதரை வாசனைதான் இன்றுவரை எனக்கு ஞாபகம். குதிரையின் பெயர் மறந்துவிட்டது.

அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார்களா?

அந்தப் புளியோதரைக்குப் பிறகு கவர் என் மனைவி கையில். ஒரு பயணத்துக்கு 1,500 ரூபாய், பின் குத்தித் தருவாள். ஜெயித்தால் திரும்பி வந்ததும் அவளிடம்தான் போகும். ஏடிஎம் கார்டு பீரோவில். நோட்டில் கூட்டல் சரிபார்ப்பதும் அவள்தான்; இரண்டு இடத்தில் என்னைப் பிடித்திருக்கிறாள்.

ஜெயித்தால் வரி உண்டா?

உண்டு. ஜெயித்த தொகைக்கு 30 சதவீத வருமான வரி. 10,000 ரூபாய்க்கு மேல் போனால் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். போன வாரம் தோற்றேன், அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றால் கழிக்க முடியாது. இதை விடக் கடுமையானது ஜி.எஸ்.டி. லாபத்துக்கு இல்லை, கட்டுகிற பணத்துக்கே அந்த வரி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40. அரை கிலோ, அரை லெங்த் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து நான் தேடிப் பிடிக்கிற சாதகம் பத்து சதவீதம் தேறினால் பெரிய விஷயம். நாற்பதை எந்தக் குதிரை தாண்டும்?

பெங்களூர் எதற்கு? ஊரிலேயே போனில் வாங்கிக்கொள்கிறார்களாமே?

வாங்குகிறார்கள். அது சட்டப்படி குற்றம். 1996 தீர்ப்பு மைதானத்துக்குள் நடப்பதைப் பற்றியது. போனில் கடன் சொல்லிக் கட்டலாம் என்பதுதான் அதிலுள்ள பெரிய ஆபத்து. பின் குத்திய கவர் அங்கே வேலை செய்யாது. ஜெயித்தால் எடுப்பார்களா என்பது அடுத்த கேள்வி. தெரிந்த ஒருவர் மூணு மா நிலத்தை இப்படி விட்டார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

குதிரை நம் ஊர் மிருகமே இல்லையே?

பூம்புகாருக்குக் கப்பலில் குதிரை வந்து இறங்கியது சங்க காலத்துச் செய்தி. கோடியக்கரைக் காட்டில் இன்றைக்கும் யாருக்கும் சொந்தமில்லாத மட்டக் குதிரைகள் திரிகின்றன. பார்க்காதவர்கள் ஒருமுறை வேதாரண்யம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

திருக்கடையூர் பந்தயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர் எல்கைப் பந்தயம் பார்க்காத டெல்டாக்காரர் உண்டா? மாட்டு வண்டி, குதிரை வண்டி இரண்டும் தரங்கம்பாடிச் சாலையில் பறக்கும். அங்கே சமப்படுத்துவதற்கு எடை கிடையாது. சின்னக் குதிரை, நடுக் குதிரை, பெரிய குதிரை என்று பிரித்து ஓட விடுகிறார்கள். ரேஸ் கோர்ஸில் ஈயத் தகட்டால் செய்வதை இங்கே பிரிவால் செய்கிறார்கள். எல்கை என்கிற எல்லையில் திரும்பி வருவதுதான் இதன் உயிர். முழு வேகத்தில் போகிற வண்டியை அரைவட்டம் அடித்துத் திருப்பும் சாரதிக்கு நான் எந்த ஜாக்கியையும் ஈடு சொல்ல மாட்டேன். அங்கே நான் காசு கட்டுவதில்லை. கரும்பு கடித்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பதோடு சரி.

இந்த வாரம் எது வரும்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். வந்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்பீர்கள், வராவிட்டால் என் பெயரைச் சொல்வீர்கள்.

இப்போதும் போகிறீர்களா?

வரி ஏறிய பிறகு ஒரே ஒரு தடவை போனேன். மற்றபடி திண்ணைதான். சனிக்கிழமை ராத்திரி புத்தகத்தை வைத்துக்கொண்டு வழக்கம்போல ஐந்தை அடித்து, மூன்றில் வேலை செய்து, நோட்டில் ‘நூறு ரூபாய், வின்’ என்று எழுதி வைத்துவிடுவேன். பணம் கட்டுவதில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டு எழுந்து முடிவைப் பார்த்துப் பக்கத்துக் கட்டத்தில் குறித்துக்கொள்வேன். கட்டாத இந்த வருஷம், நோட்டின்படி, இதுவரை 2,340 ரூபாய் லாபத்தில் இருக்கிறேன். அவளிடம் சொன்னேன். கூட்டலைச் சரிபார்த்துவிட்டு, “அப்ப கவரை நிறுத்திடலாமில்ல?” என்றாள். ஜூலையில் பெங்களூரில் டெர்பி என்கிற பெரிய ரேஸ் இருக்கிறது; ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் குறுவை நடவு அதற்குள் முடிந்துவிடும். இன்னும் பதில் சொல்லவில்லை.